தீவில் ஒரு கிழமை: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

கனடாவில் இருந்த காலத்தில் கரீபியன் கடலில் உள்ள அருபா தீவில் ஒரு டைம்ஷெயர் (விடுதியில் வருடத்துக்கு ஒரு கிழமை தங்கும் உரிமை) வாங்கி, 14 வருடம் காசு கட்டியவன் நான். இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளை நினைத்து ஊரவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

அண்ணை, மகன் ‘தீவில் வீடு வாங்கிவிட்டேன்’ என்கிறான். உண்மையா? (பரந்தன்)

வீடு இல்லை அக்கா, முறை. இரணைமடு வாய்க்காலில் தண்ணி முறை வருமே, அது மாதிரி. வருடத்தின் 52 கிழமைகளில் ஒன்று உங்கள் மகனுக்கு. ஆனால் பராமரிப்புக் காசு, போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் கட்ட வேண்டும். அது பெரும்பாலும் ஏறுமே தவிர இறங்காது. புயலில் கூரை பறந்தால் அதற்குத் தனிக் கணக்கும் வரலாம். 2017 செப்டம்பரில் இர்மா புயல் கரீபியன் தீவான சென் மார்ட்டினை அடித்தபோது பல விடுதிகள் மாதக்கணக்காகத் திறக்கவில்லை.

மருமகன் ஹவாயில் கையெழுத்து வைத்து நாலு நாள். இனி ஒன்றும் செய்ய ஏலாதா? (முல்லைத்தீவு)

ஏலும், ஆனால் இன்றைக்கே. ஹவாய் சட்டம் ஏழு நாள் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள். அங்கே அதற்குள் விற்பவர் முற்பணம் வாங்கவே கூடாது. ஒப்பந்தத்தில் எந்த விலாசத்துக்கு, எப்படி அனுப்பச் சொல்லியிருக்கிறதோ அப்படியே ரத்துக் கடிதத்தை எழுத்தில் அனுப்பி, அனுப்பிய துண்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ‘மனேஜர் வரட்டும், கதைப்போம்’ என்றால் நம்ப வேண்டாம், நாளைக் கடத்துகிறார்கள்.

மருமகனைத் திட்டாதீர்கள். என்னையும் ஒன்றரை மணித்தியாலம் என்று இலவசக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு நாலு மணித்தியாலம் இருத்தினார்கள். ஒருவன் சிவப்புப் பேனையால் விலையை வெட்டினான். அடுத்தவன் வந்து அதையும் வெட்டினான். மூன்றாம் தரம் வெட்டும்போது பேனை என் கையில் இருந்தது.

வாங்காமல் ஒருதரம் போய் வர வழி இருக்கா? (புதுக்குடியிருப்பு)

இருக்கு, நான் சொல்வதும் அதைத்தான். கிழமை வாங்கி வைத்தும் போக முடியாதவர்கள் தங்கள் கிழமையைப் பராமரிப்புக் காசு அளவுக்கே வாடகைக்கு விடுவார்கள். காசு கொடுக்க முதல் விடுதிக்கு நீங்களே போன் எடுத்து, பதிவு உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். விடுதியின் எண்ணையும் நீங்களே தேடி எடுங்கள். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை மலிவு என்றால் அது புயல் காலம். அருபா தெற்கே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். அப்புறம் விசா. ஹவாய் என்றால் அமெரிக்க விசா வேண்டும். மாலைதீவுக்கு நம் கடவுச்சீட்டோடு இறங்கினால் அங்கேயே 30 நாள் தருவார்கள்.

‘2,000 டொலர் அனுப்புங்கள், உங்கள் கிழமையை விற்றுத் தருகிறோம்’ என்று அண்ணாவுக்குப் போன் வந்ததாம். (மாங்குளம்)

அனுப்ப வேண்டாம். ஒரு டொலருக்கே போட்டும் விலைபோகாத கிழமைகள் கிடக்கின்றன. நான் கடைசியில் விடுதியிடமே கேட்டேன். அந்த வருடக் காசைக் கட்டச் சொல்லித் திருப்பி எடுத்தார்கள். எல்லா விடுதியும் எடுக்காது, ஆனால் முதலில் அங்கேதான் கேட்க வேண்டும்.

ஒரு நல்லதும் இல்லையா அண்ணை? (வவுனியா)

சமையலறை, தம்பி. மனைவி நீத்துப்பெட்டியைச் சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுவருவா. கரையில் மீன் வாங்கி, புட்டு அவித்து, பல்கனியில் இருந்து சாப்பிடுவோம். பக்கத்து அறை வெள்ளைக்காரர் வாசத்துக்கு எட்டிப் பார்ப்பார்.