கொல்லைப்புறக் கொட்டகைக்கு அனுமதி வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், டிராக்டரும் மாங்காய்ப் பெட்டிகளும் வைக்க 30க்கு 40 அடியில் தகரக் கொட்டகை போட எண்ணுகிறோம். சுவர் இல்லாத கொட்டகைக்கு அனுமதி தேவையில்லை என்கிறார் கொத்தனார். சரிதானா?

பதில்: சரியல்ல. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, கல், மரம், மண், உலோகம் என எதனால் ஆனதாயினும் கொட்டகையையும் கட்டடம் என்றே வரையறுக்கிறது. காவேரிப்பட்டணம் போன்ற பேரூராட்சியிலும் நிலைமை இதுவே. ஆகவே பட்டா, பத்திரம், வரைபடத்துடன் கட்டட அனுமதிக்கான ஒற்றைச் சாளர இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோருக்கு 2024இல் வந்த சுயசான்று முறை (விண்ணப்பிப்பவர் தாமே தரும் சான்றின் பேரில் உடனடி அனுமதி) குடியிருப்புகளுக்கானது. 1,200 சதுர அடிக் கொட்டகைக்கு அதை நம்ப வேண்டாம்.

மனையைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நிர்ணயிக்கின்றன. தூண் உள்ளே நின்றாலும் தகரத்தின் விளிம்பு எல்லையைத் தாண்டினால் மழைநீர் பக்கத்து வீட்டில்தான் கொட்டும். பல வழக்குகள் அங்கேதான் முளைக்கின்றன. கூரைச் சரிவை உங்கள் மனைப்பக்கமே திருப்பி, விளிம்பில் மழைநீர் வடிகால் தகடு பொருத்தச் சொல்லுங்கள். கொட்டகையைக் கிடங்காக வாடகைக்கு விடுவதாயிருந்தால், அந்தப் பயன்பாட்டை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.