வேடியப்பன் கல்லும் யோவானின் வார்த்தையும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். நண்பர் ஒருவர் கொடுத்த பைபிளில் மாற்கும் யோவானும் படித்து முடித்தேன். யோவானில் “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” என்கிறார் இயேசு. மாற்கிலோ கடைசி நாள் எப்போது என்பது தனக்கே தெரியாது என்கிறார்; படகில் அசந்து தூங்குகிறார். கடவுளுக்குத் தூக்கம் வருமா? தெரியாதது என்று ஒன்று இருக்குமா? எங்கள் ஏரிக்கரையில் வேடியப்பன் கல் இருக்கிறது. மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன் என்பார்கள். இன்று அவனுக்குப் பொங்கல் வைக்கிறோம். இயேசுவும் அப்படிப் பின்னாளில் சாமியாக்கப்பட்ட மனிதர்தானா? அல்லது கிருஷ்ணர் மாதிரி அவதாரமா?

ம., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ம.,

வேடியப்பனிலிருந்தே தொடங்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல் இல்லாத ஏரிக்கரை குறைவு. அந்தக் கல்லின் கதை கீழிருந்து மேலே போகிறது: மனிதன், வீரச்சாவு, கல், படையல், தெய்வம். புதிய ஏற்பாட்டிலும் இந்தத் திசையில் போவதுபோல் தெரியும் வசனங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அப்போஸ்தலர் 2:36இல் இயேசுவின் சீடர் பேதுரு, நீங்கள் சிலுவையில் அறைந்த இயேசுவையே தேவன் ஆண்டவரும் கிறிஸ்துவும் ஆக்கினார் என்கிறார். இதை மட்டும் எடுத்துக்கொண்டு, நல்ல மனிதர் ஒருவரைக் கடவுள் தத்தெடுத்தார் என்று சொன்னவர்கள் பழைய காலத்திலேயே இருந்தார்கள்.

இந்த வாசிப்புக்கு இடைஞ்சல், பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம். அது கி.பி. 55க்கும் 62க்கும் இடையில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. சிலுவை மரணம் 30 அல்லது 33. ஆக, நடுவில் முப்பது ஆண்டு சுமார்தான். நேரில் பார்த்தவர்கள் பலர் உயிரோடு இருக்கும் காலம். அதற்குள்ளேயே திசை தலைகீழாக இருக்கிறது: “அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும்… தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து” (2:6-7). முதலில் மேலிருந்து கீழே. சிலுவைக்குப் பிறகுதான் உயர்த்தப்படுதல். அப்போது முழங்கால் யாவும் அவர் முன் முடங்கும் என்று முடிகிறது. அந்த வரி ஏசாயா 45:23இலிருந்து வந்தது. அங்கே கடவுள் தன்னைப்பற்றிச் சொல்வது. வேறு கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்லும் அதே அதிகாரத்தின் வரியை, யூதரான பவுலே இயேசுவுக்குச் சூட்டுகிறார். இது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது.

இங்கே தமிழ் நம் காலை வாரும் ஒரு இடம். பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 6, 7, 8 மூன்று வசனங்களிலும் ‘ரூபம்’ வருகிறது. கிரேக்கத்தில் முதல் இரண்டுக்கும் ‘மார்ஃபே’, அதாவது வடிவம். 8ஆம் வசனத்தில் வேறு சொல், ‘ஸ்கேமா’, அதாவது வெளித்தோற்றம். நமக்கு ரூபம் என்றால் உடனே வேஷம். பாரதக் கூத்தில் ராத்திரி முழுக்கத் துரியோதனன். விடிந்து அரிதாரத்தைக் கழுவினால் பழைய ஆள். இயேசு மனித வேஷம் போட்டார், அவ்வளவுதான் என்ற கொள்கையும் முதல் நூற்றாண்டின் முடிவிலேயே தலைகாட்டிவிட்டது. இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்பதை அறிக்கையிடாத ஆவி தேவனுடையதல்ல என்று 1 யோவான் 4 கறாராகச் சொல்வது இத்தகையவர்களை எதிர்த்துத்தான்.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு, நீங்கள் எடுத்துக்காட்டிய வசனமே. யோவான் 10:30இல் “ஒன்றாயிருக்கிறோம்” என்றிருக்கிறது; ‘ஒருவராயிருக்கிறோம்’ என்றில்லை. கிரேக்கத்திலும் அப்படியே, ‘ஹென்’ என்ற அஃறிணை ஒருமை. பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்று அந்த வசனம் சொல்லவில்லை, வினைமுற்றும் பன்மைதான். யோவான் முதல் அதிகாரத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். இயேசுவை ‘வார்த்தை’ என்று அழைக்கும் அந்த அதிகாரம், “வார்த்தை இருந்தது” என்று அஃறிணையில் தொடங்கி, அடுத்த வசனத்திலேயே “அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்” என்று மாறுகிறது. கிரேக்கத்தில் வார்த்தைக்கு வரும் ‘லோகோஸ்’ ஆண்பால் சொல் என்பதால் அங்கே இந்தத் தாவல் இல்லை. தமிழில் ‘அது’ ‘அவர்’ ஆகும் சத்தம் கேட்கிறது.

படகுத் தூக்கத்துக்கு வருவோம். மாற்கு 4:38, படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணையை மாற்கு மட்டுமே சொல்கிறார். அடுத்த வசனத்தில் எழுந்து கடலை அதட்டுகிறார்: “இரையாதே, அமைதலாயிரு.” சங்கீதம் என்னும் பைபிள் பாடல்நூல் தெரிந்த யூதருக்கு இரண்டு வரிகள் ஒரே நேரத்தில் இடிக்கும். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை (121:4). புயலை அடக்குகிறவர் கடவுள் (107:29). தூங்கக்கூடாதவர் தூங்குகிறார், கடவுள் செய்ய வேண்டியதையும் செய்கிறார். மாற்கு இதற்கு விளக்கம் சொல்லாமல் “இவர் யாரோ?” என்ற கேள்வியோடு அந்தக் காட்சியை விட்டுவிடுகிறார்.

கடைசி நாள் தனக்கே தெரியாது என்னும் மாற்கு 13:32 இதைவிடக் கடினம். 4ஆம் நூற்றாண்டில், குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியஸ் தரப்புக்குப் பிடித்த வசனம் இது. கி.பி. 325இல் நைசியா சங்கம், அதாவது ஆயர்கள் கூடிய பேரவை, அவர்களை மறுத்தது. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் சொன்ன பதில், அறியாமை மனித இயல்புக்கு உரியது, வார்த்தைக்கு அல்ல என்பது. பதில் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையே கொஞ்சம் இழுத்தால், பசித்தவர் ஒருவர், புயலை அடக்கியவர் இன்னொருவர் என்று இரண்டு ஆட்களாகிவிடுவார்கள். அப்படிப் பிரிப்பதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஆயர் நெஸ்தோரியஸை 431இல் எபேசு சங்கம் கண்டித்தது இந்தப் பயத்தால்தான். வசனத்தின் அடுக்கையும் கவனியுங்கள்: ஒருவனும் அறியான், தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார். தெரியாது என்று சொல்லும்போதே, தூதருக்கு மேலே, பிதாவுக்கு அடுத்த படியில் நிற்கிறார். இதே வசனம் மத்தேயு 24:36இலும் வருகிறது; அதன் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் ‘குமாரனும்’ உண்டு. உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்காது.

451இல் கல்செதோன் சங்கம் ‘ஒரே ஆள், இரண்டு இயல்பு’ என்று வகுத்தது. கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல்: நான்கும் எதிர்மறை. எப்படி என்று சொல்லவில்லை, எப்படியெல்லாம் அல்ல என்றுதான் வேலி போட்டது. ஆகவே திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் போல வலம் பாதி இடம் பாதி என்று இதைப் புரிந்துகொண்டால் கணக்கு தவறும். கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினரான யாக்கோபாயர் இந்தச் சங்கத்தை ஏற்பதில்லை. ஆனால் அவர்களும் இயேசுவின் மனிதத்தன்மையை மறுப்பவர்கள் அல்லர்.

யாராவது 1 யோவான் 5:7ஐ, பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய “இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்” என்ற வரியை, ஆதாரமாக நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பழைய கிரேக்கப் படிகளில் அது கிடையாது, லத்தீன் வழியாக நுழைந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த அறிஞர் எராஸ்முஸ், 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு, 1522இல்தான் சேர்த்தார்.

அவதாரமா என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களே அந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள், அதனால் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அவதாரங்கள் பல. காரியம் முடிந்ததும் அந்த உடலுக்கு வேலை இல்லை. இங்கே ஒரே முறை, உடலையும் கழற்றிப் போடவில்லை. உயிர்த்தெழுந்தவர் சீஷர்களிடம் கையையும் காலையும் காட்டி, என்னைத் தொட்டுப் பாருங்கள், ஆவிக்கு மாம்சமும் எலும்பும் கிடையாது என்கிறார். அப்படியும் அவர்கள் நம்பாததால், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே சாப்பிடுகிறார் (லூக்கா 24:39-43). உங்கள் மொழிபெயர்ப்பில் பொரித்த மீனோடு தேன்கூடும் இருக்கும். மிகப் பழைய படிகளில் மீன் மட்டும்தான்.