பெரியவர்கள் எங்கே போனார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் விண்வெளி நாவலை இரண்டே இரவில் படித்து முடித்தேன். எனக்கு வயது 19. படித்த சூட்டோடு மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்ததில் தலை சுற்றிவிட்டது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, விடியவிடியப் படித்தேன் என்கிறார். அடுத்தவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, நூறு பக்கம் தாண்ட முடியவில்லை என்கிறார். இருவரும் ஒரே புத்தகத்தைத்தான் வாங்கினார்களா என்றே சந்தேகம் வந்தது.

குறைகளில் திரும்பத் திரும்ப வருபவை இவை: முதல் நூறு பக்கம் இயற்பியல் பாடம் போல இருக்கிறது. பதினாறு வயதுப் பெண் கலத்தை ஓட்டி, உயிர் போகிற முடிவுகளை எடுப்பது நம்பும்படி இல்லை. பெரியவர்கள் எதற்கும் உதவாதவர்களாக வருகிறார்கள். வில்லன் இல்லை. அவள் தன் அம்மாவின் செய்தியைப் பாதியில் நிறுத்துவது திமிர்.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அவளுக்கும் எஞ்சின் பார்க்கும் பையனுக்கும் நடுவில் ஏதோ தொடங்குகிறது, அப்படியே விட்டுவிட்டீர்கள். இந்த விமர்சனங்களையெல்லாம் நீங்கள் படிப்பதுண்டா? இரண்டாம் பாகத்தில் எதையாவது மாற்றுவீர்களா? அப்புறம், என் தம்பிக்கு 12 வயது. அவனிடம் கொடுக்கலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

படிக்கிறேன். எழுதுகிறவர்கள் பலர் படிப்பதில்லை என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியாழனின் நிலவான காலிஸ்டோவைச் சுற்றிவரும் ஒரு தாய்க்கலம். அதிலிருந்து ஐந்து மாணவர்கள் சிறிய கலம் ஒன்றில் பயிற்சிக்காகப் பிரிந்து வருகிறார்கள். அந்த நேரத்தில் தாய்க்கலத்தில் மின்சாரம் போய்விடுகிறது. வானொலி இல்லை, காற்றைச் சுத்திகரிக்கும் கருவியும் ஓடவில்லை. பெரியவர்கள் எல்லோரும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். மாணவர்கள் அந்தக் கலத்தைப் பிடித்து, இணைத்து, அவர்களைக் காப்பாற்ற வேண்டும். ஓட்டுவது 16 வயதுப் பெண். அவளுடைய அம்மா பூமியில், கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார்.

முதலில் பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இந்த நாவலே அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

இளையோருக்குச் சாகசக் கதை எழுதுகிற எவருக்கும் முதல் தலைவலி பெரியவர்கள்தான். அவர்கள் பக்கத்தில் இருந்தால் சாகசம் நடக்காது. 'நீ தள்ளு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று யாராவது ஒருவர் வந்துவிடுவார். அதனால் எழுதுகிறவர்கள் அப்பா அம்மாவைக் கொன்றுவிடுவார்கள், இல்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவும் முடியாவிட்டால் முட்டாள்களாக்கிவிடுவார்கள். இந்த மூன்றும் எனக்குச் சலித்துப் போயிருந்தன.

விண்வெளியில் இதில் எதுவும் தேவையில்லை. பூமிக்கும் வியாழனுக்கும் நடுவே வானொலி அலை ஒரு பக்கம் போகவே, கோள்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 33 முதல் 54 நிமிடம் வரை ஆகும். கேள்வி போய்ப் பதில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அம்மா உயிரோடு இருக்கலாம், புத்திசாலியாக இருக்கலாம், மகள்மீது உயிரையே வைத்திருக்கலாம். அவர் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது முடிந்துபோன நிலைமைக்கான சரியான பதிலாக இருக்கும்.

நாவலில் நடப்பது அதுதான். அம்மா ஒரு தவறான யோசனைகூடச் சொல்வதில்லை. முதல் செய்தி வந்து சேரும்போது கலம் வேறு பாதைக்குப் போய்விட்டது. அதில் சொன்னபடி செய்தால் எரிபொருள் தீர்ந்துவிடும். அவள் கொஞ்ச நேரம் கேட்கிறாள், பொத்தானை அழுத்தி நிறுத்துகிறாள், வேலையைப் பார்க்கிறாள். 'பெரியவர்கள் உதவாக்கரைகள்' என்று எழுதியவர்கள் இதை எப்படிப் படித்தார்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. தாய்க்கலத்தில் இருப்பவர்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காற்று வீணாகாமல் இருக்க ஒரே அறையில் கூடி, பேச்சைக் குறைத்து, அசையாமல் படுத்திருக்கிறார்கள். அது எவ்வளவு கடினமான வேலை!

அந்தப் பொத்தானைப் பற்றி வந்த அளவுக்கு எனக்குக் கடிதங்கள் வேறு எதைப் பற்றியும் வரவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் கோபமாக எழுதினார்கள். ஒரு தாய், 'முழுதும் கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாமே, என்ன கெட்டுப்போகும்?' என்று கேட்டிருந்தார். உங்கள் வயதுக்காரர்கள், இவ்வளவு நேரம் ஏன் கேட்டாள், முதல் வரியிலேயே நிறுத்தியிருக்க வேண்டாமா என்கிறார்கள். பதினைந்து வயதில் படிப்பவர் அவளுடைய இருக்கையில் உட்கார்ந்து படிக்கிறார். பிள்ளை பெற்றவர் பூமியில், அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து படிக்கிறார். அந்த இடத்தில் தன் குரல் பாதியில் அறுந்தது அம்மாவுக்குத் தெரியாது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். எழுதும்போது எனக்கும் அது வலித்தது. ஆனாலும் பொத்தானை அழுத்தவே வைத்தேன். இரண்டாம் பாகத்திலும் அதற்காக அவளை மன்னிப்புக் கேட்க வைக்கப் போவதில்லை.

அடுத்தது அந்த நூறு பக்கம். எல்லோரும் பாடம் என்று திட்டுகிற இடம், சுற்றுப்பாதையில் இன்னொரு கலத்தைப் பிடிப்பது எப்படி என்று பயிற்சியில் சொல்லித்தருகிற அத்தியாயங்கள்தானே?

சாலையில் முன்னால் போகிற வண்டியைப் பிடிக்க வேகத்தைக் கூட்டுவோம். சுற்றுப்பாதையில் அப்படிச் செய்தால் உங்கள் கலம் மேலே ஏறிவிடும். மேலே இருக்கிற பாதை நீளமானது, அங்கே ஓடுகிற வேகமும் குறைவு. முன்னால் போனது இன்னும் தள்ளிப் போய்விடும். பிடிக்க வேண்டுமென்றால் எதிர்த்திசையில் எஞ்சினை இயக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கலம் கீழே இறங்கும், இறங்க இறங்க வேகம் கூடும், பாதையும் சிறியதாகும். ஒரு சுற்று முடிந்து பழைய உயரத்துக்கு வரும்போது இடைவெளி குறைந்திருக்கும். காலிஸ்டோவைத் தாழ்வாகச் சுற்றிவர இரண்டரை மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இது யாருக்கும் இயல்பாக வருகிற விஷயமில்லை. 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட் தேர்ந்த விமானி. தங்களை ஏற்றிவந்து கழன்று மிதந்துகொண்டிருந்த ராக்கெட் பகுதியை நெருங்கிப் பார்க்க முயன்றார். கண்ணெதிரே தெரிகிறது, அதை நோக்கி எஞ்சினை இயக்கினார். அது விலகிப் போயிற்று. மறுபடி இயக்கினார், மறுபடியும் விலகியது. எரிபொருள் கரைவதைப் பார்த்து முயற்சியைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6, ஜெமினி 7 இரண்டும் ஏறக்குறைய ஓரடி இடைவெளி வரை நெருங்கிவிட்டன. நடுவில் இருந்த ஆறு மாதத்தில் நடந்தது கணக்கும் பயிற்சியும்.

நாவலின் நடுவில் அவள் எஞ்சினைத் திருப்பி, தாய்க்கலத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கலத்தைத் தள்ளுகிறாள். பின்னால் இருக்கிற பையன் கத்துகிறான்: 'அவங்க முன்னாடி இருக்காங்க, நீ ஏன் பின்னாடி தள்ளுற?' முதல் நூறு பக்கத்தைப் படித்தவர் அந்த இடத்தில் அவனுக்குப் பதில் சொல்லத் துடிப்பார். தாண்டிப் போனவருக்கு அது வெறும் கூச்சல். அங்கே நான் நின்று விளக்கத் தொடங்கினால் கதை செத்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே வைத்தேன். 'நூறு பக்கத்தைத் தாண்டி நேராக ஆபத்துக்கு வந்துவிட்டேன், ஆனாலும் விறுவிறுப்பு இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். எப்படி இருக்கும்?

வயதுக் கேள்விக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1969 ஜூலை 20, அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கணினி 1202 என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டுகிறது. இறங்கலாமா, திரும்பிவிட வேண்டுமா என்று சில விநாடிகளில் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பில் தரையில் உட்கார்ந்திருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. பின்னறையில் இருந்து அவருக்குச் சொன்ன ஜாக் கார்மனுக்கு 24. இறங்கலாம் என்றார்கள், இறங்கினார்கள்.

எனக்கு இதில் பிடித்த பகுதி அதற்குச் சில வாரம் முன்பு நடந்தது. ஒத்திகை ஒன்றில் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை வந்தபோது, பேல்ஸ் 'திரும்பிவிடலாம்' என்றார். அது தேவையில்லாத முடிவு என்று பிறகு தெரிந்தது. உடனே தலைமை அதிகாரி ஜீன் கிரான்ஸ், கணினி காட்டக்கூடிய எச்சரிக்கைகள் எல்லாவற்றையும், எதற்கு என்ன செய்வது என்பதையும் எழுதிவைக்கச் சொன்னார். கார்மன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார். நிஜத்தில் 1202 வந்தபோது அந்தப் பட்டியல் அவர் மேசையில் இருந்தது.

இருபத்தாறு எங்கே, பதினாறு எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் நாவலில் அவள் மேதை இல்லை. பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்ததை மட்டும் நன்றாகச் செய்கிறாள். செய்து பார்க்காத ஒன்றில், சுழன்றுகொண்டிருக்கும் கலத்தோடு இணைக்கிற இடத்தில், பதற்றத்தில் எரிபொருளை வீணாக்குகிறாள். அதன் விலை கடைசி வரை தொடர்கிறது. பிறவியிலேயே எல்லாம் தெரிந்த சிறுமியாக எழுதியிருந்தால் இப்போது குறை சொல்பவர்களில் பாதிப் பேர் கைதட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த வகை நாயகிகள் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறார்கள்.

வில்லனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, தூரம் குறைய மறுக்கிறது. இதற்கு மேல் கறுப்பு அங்கி போட்ட ஒருவன் எதற்கு?

இடையில் இன்னொரு குற்றச்சாட்டும் கண்ணில் பட்டது, நீங்கள் குறிப்பிடவில்லை. உடையில் காற்று போய் ஒரு பையன் வெற்றிடத்தில் சில விநாடி இருந்துவிட்டுப் பிழைப்பது அபத்தம், உடம்பு வெடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். வெடிக்காது. 1966இல் நாசாவின் வெற்றிட அறையில் உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. ஏறக்குறைய 14 விநாடியில் நினைவு போயிற்று. அறைக்குள் மறுபடி காற்றை விட்டதும் பிழைத்துக்கொண்டார். நினைவு போகும் முன் நாக்கில் எச்சில் கொதிப்பதை உணர்ந்ததாகச் சொன்னார். அந்த எச்சிலை அப்படியே நாவலில் எடுத்துக்கொண்டேன். சினிமா பார்த்து அறிவியல் கற்றவர்களுக்கு உண்மை பொய்யாகத் தெரிவது இந்த வகை எழுத்தில் தினசரித் தொல்லை. ஓசையில்லாத வெடிப்புக்கும் இதே வசவு கிடைத்தது.

ஐந்தும் ஒன்றுமாக வாசகர்கள் பிரிந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். விண்வெளிக் கதை என்று எடுத்தவர்களுக்குப் பதினாறு வயதுப் பெண்ணின் மனம் இடைஞ்சலாக இருந்திருக்கிறது. வளர்கிற வயதின் கதை என்று எடுத்தவர்களுக்குச் சுற்றுப்பாதைக் கணக்கு இடைஞ்சல். இரண்டுக்கும் தயாராக வந்தவர்கள் விடிய விடியப் படித்தார்கள். இந்த இரு சாராரையும் சமாதானப்படுத்த ஆளுக்குக் கொஞ்சம் வெட்டினால், எல்லோரும் மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டு மறந்துபோகிற ஒரு புத்தகம் கையில் இருக்கும். எனக்கு இந்த ஒற்றை நட்சத்திரங்களே தேவலை. குறைந்தது கோபமாவது வந்திருக்கிறது.

நான் மதிக்கிற குறைகள் வேறு வகை. ஒரு பள்ளி மாணவி எழுதியிருந்தாள்: ஐந்து பேரில் மருத்துவம் படிக்கும் பெண் ஒரு முறைகூடப் பயப்படவில்லை, அவளைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது என்று. அவள் சொல்கிற குறையை நான் ஏற்கவில்லை, அந்தப் பெண் அப்படித்தான். ஆனால் இந்த ஒரு வரியால் இரண்டாம் பாகத்தில் அவளுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது. மற்றபடி எதையும் மாற்றவில்லை. கணக்கு இதிலும் வரும், சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாக.

உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். அவளுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் தொடங்கியது உண்மைதான். ஆனால் தாய்க்கலத்தில் காற்று குறைந்துகொண்டிருக்கும்போது இருவரும் ஜன்னலோரம் நின்று பேசினால் எனக்கே கோபம் வரும். எரிபொருள் அளவை அவள் கேட்காமலே அவன் வாசித்துச் சொல்லத் தொடங்குகிற இடத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அவனால் முடிந்தது அவ்வளவுதான். மீதியை அவர்கள் ஊர் திரும்புகிற வழியில் பார்த்துக்கொள்வார்கள், மாதக்கணக்கான பயணம் அது.

தம்பிக்குக் கொடுக்கலாம். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு சாவு வருகிறது. யார் என்று இங்கே சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டி எச்சரித்து அவன் வாசிப்பைக் கெடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவும் வேண்டாம். பயிற்சி அத்தியாயங்களில் அவனுக்குச் சலிப்புத் தட்டினால் ஒரு தாளில் இரண்டு வட்டம் வரைந்து, உள்வட்டத்தில் ஒரு கலத்தையும் வெளிவட்டத்தில் ஒரு கலத்தையும் போட்டு, எது முதலில் சுற்றி வரும் என்று கேளுங்கள். பன்னிரண்டு வயதில் எல்லோரும் அதற்குச் சரியாகவே பதில் சொல்கிறார்கள்.

அன்புடன்.