பதினொன்றாம் வகுப்பு அமெரிக்க இலக்கியம்: புத்தகத்தை முழுதாகப் படித்தும் கட்டுரைக்கு மதிப்பெண் ஏன் குறைகிறது?

அமெரிக்கப் பள்ளியில் பதினொன்றாவது படிக்கும் மகள் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யை இரண்டு முறை படித்துவிட்டாள், கதையை வரி விடாமல் சொல்கிறாள், ஆனாலும் கட்டுரைக்கு ‘சி’தான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கதையைச் சொல்வதுதான் சிக்கல். ஆசிரியருக்குக் கதை தெரியும். நாவலை எழுதிய ஃபிட்ஸ்ஜெரால்ட் எந்தச் சொல்லை, யார் வாயில், எந்த இடத்தில் வைத்து வேலை வாங்குகிறார் என்பதற்குத்தான் மதிப்பெண்.

நாவலில் வரும் பச்சை விளக்கையே பாருங்கள்; நாயகன் கேட்ஸ்பி காதலிக்கும் டெய்சியின் வீட்டுப் படகுத்துறையில் எரிவது. ‘பச்சை என்றால் நம்பிக்கை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் பிள்ளைகள் ஏராளம். இணையத்தில் கிடைக்கும் சுருக்கங்களின் உபயம். அந்த விளக்கு முதல் அத்தியாய முடிவில் வருகிறது; கேட்ஸ்பி அதை நோக்கிக் கை நீட்டுகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் டெய்சி பக்கத்திலேயே நிற்கும்போது அது மறுபடி வெறும் படகுத்துறை விளக்காகிவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் திரும்பவும் வந்து, எல்லோருக்குமான ஆசையாக விரிகிறது. மூன்று இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஏன் சுருங்கியது என்று கேட்டால் கட்டுரைக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும்.

இன்னொரு நல்ல பிடி, கதை சொல்லும் நிக். யாரையும் எடைபோட மாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொல்கிறான். அதே அத்தியாயத்தில் டெய்சியின் கணவன் டாமின் உடலைக் கொடூரமானது என்கிறான். அப்படியானால் அவன் கேட்ஸ்பியைப் புகழ்வதை எவ்வளவு நம்பலாம்? நிக் சொல்வதையெல்லாம் ஃபிட்ஸ்ஜெரால்டின் கருத்தாக எழுதினால் அங்கேயே மதிப்பெண் போகும்.

பத்திக்கு ஒரு வாதம் போதும். ஐந்தாறு சொற்களுக்கு மேல் போகாத மேற்கோளைத் தன் வாக்கியத்துக்குள்ளேயே பொருத்த வேண்டும். தனியாகத் தொங்கவிடக் கூடாது. அடுத்து, குறிப்பிட்ட அந்தச் சொல் என்ன செய்கிறது என்று இரண்டு மூன்று வாக்கியம். நம் பிள்ளைகள் அவசரமாகத் தாண்டுவது இந்த இடத்தைத்தான். ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) ஆங்கில மொழிப் பாடத் தேர்வில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளி; அதில் 4 சான்றுக்கும் விளக்கத்துக்கும் போகிறது.

நாவலில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுத வேண்டும்: கேட்ஸ்பி ‘நீட்டினான்’ அல்ல, ‘நீட்டுகிறான்’. மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று காட்டும் எம்எல்ஏ முறையில் (சட்டமன்றத்துக்குச் சம்பந்தமில்லை) அடைப்புக்குறிக்குள் நூலாசிரியரின் குடும்பப்பெயர், ஓர் இடைவெளி, பக்க எண். நடுவில் காற்புள்ளி கிடையாது. முற்றுப்புள்ளி அடைப்புக்கு வெளியே. 2021இல் அமெரிக்காவில் ‘கேட்ஸ்பி’ நாவலின் காப்புரிமை முடிந்ததால் மலிவுப் பதிப்புகள் குவிந்துவிட்டன, பக்க எண்கள் ஒத்துப்போகாது. வகுப்பில் வைத்திருக்கும் பதிப்பையே வாங்குங்கள்.

அடுத்து ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ வரக்கூடும். 1692 சேலம் சூனிய வழக்குகளை வைத்து 1953இல், கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் வந்த நாடகம். அதை அப்படியே வரலாறாக எழுதிவிட வேண்டாம். சூனியக் குற்றம் சுமத்தும் சிறுமி அபிகெயிலின் வயதை மில்லர் கூட்டி, குற்றம் சாட்டப்படும் விவசாயி பிராக்டரின் வயதைக் குறைத்திருக்கிறார். ஏன் என்பதே நல்ல கட்டுரைத் தலைப்பு.

இப்போதைக்கு ‘சி’ வாங்கிய கட்டுரையை எடுத்து, கதை சொல்லும் வரிகளை ஒரு நிறத்திலும் விளக்கும் வரிகளை வேறு நிறத்திலும் கோடிடச் சொல்லுங்கள். எந்தப் பத்தியில் முதல் நிறம் அதிகமோ அதைத் திருத்திக்கொண்டு ஆசிரியரிடம் போகட்டும். திருத்தி எழுத அனுமதிக்கும் ஆசிரியர்கள் நிறையவே உண்டு.