அந்த நகைச்சுவைக் கதையை வெட்டிவிடாதீர்கள்

வணக்கம். தாமஸ் சதர்னின் 'ஓரூனோக்கோ' (1695) என்ற ஆங்கில நாடகம் பற்றிய ஆய்வேட்டில், மாப்பிள்ளை தேடித் தென் அமெரிக்காவின் சுரினாமுக்கு வரும் அக்கா தங்கையின் நகைச்சுவைக் கதை, அடிமையாக்கப்பட்ட ஆப்பிரிக்க இளவரசன் ஓரூனோக்கோவின் கதையோடு ஒட்டவே இல்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய சரக்கே அங்கேதான் இருக்கிறது.

முதல் அங்கத்தை மறுபடி பாருங்கள். லண்டனில் விலைபோகாத வெல்டன் சகோதரிகள், இங்கேயாவது வரன் அமையுமா என்று பேசிக்கொள்கிறார்கள். அது முடிந்த கையோடு கப்பலில் வந்த அடிமைகளைப் பங்கு பிரிக்கும் காட்சி. விதவை லாக்கிட், தன் பங்குக்குப் பெண்களும் பிள்ளைகளுமே விழுந்தார்கள், ஓர் ஆண்கூட இல்லை என்று கப்பல் கேப்டனிடம் சண்டைக்கு நிற்கிறாள். சதர்ன் சிரிக்க வைக்கத்தான் எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் கல்யாணச் சந்தை, அடிமைச் சந்தை இரண்டும் ஒன்றுதான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அக்கா சார்லட் ஆண்வேடம் போட்டு ஊரையே ஏமாற்றி, தனக்கும் தங்கைக்கும் வாழ்க்கை அமைத்துக்கொள்கிறாள். ஓரூனோக்கோவின் மனைவி இமோயிண்டாவும் அடிமை; அவளுக்கு அந்த வழி கிடையாது. அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் பிறக்கும்போதே அடிமை. கலகம் வேண்டாம் என்று தயங்கும் ஓரூனோக்கோவை, அவனோடு அடிமையாக இருக்கும் நண்பன் அபோவன் மசிய வைப்பதே இதையும் சொல்லித்தான்.

நாடகத்துக்கு மூலமான, ஆங்கில எழுத்தாளர் அஃப்ரா பென்னின் 1688 கதையில் இமோயிண்டா கறுப்பினப் பெண். சதர்ன் அவளை வெள்ளைக்காரி ஆக்கிவிட்டார். இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். இன்னொன்று: 1759-இல் ஹாக்ஸ்வொர்த் என்ற ஆங்கில எழுத்தாளர் நகைச்சுவைப் பகுதியை நீக்கி நாடகத்தைத் திருத்தினார். நீங்கள் நினைத்ததையே அவர் செய்து பார்த்திருக்கிறார். சதர்னின் நாடகத்தையும் அவருடைய திருத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.