மாத்திரை சாப்பிட்டால் பிறகு கரு தரிக்காதா?

கேள்வி: இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குத் திருமணம். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நானும் அவரும் முடிவு செய்திருக்கிறோம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பிறகு கருவே தரிக்காது என்றும், நாள் கணக்குப் பார்த்தாலே போதும் என்றும் தோழிகள் சொல்கிறார்கள். எது சரி?
– ஒரு வாசகி, வயது 24

பதில்: திருமணத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் இதை மனம்விட்டுப் பேசியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. முதலில் அந்த அச்சத்தை விட்டுவிடுங்கள். தினசரி மாத்திரை, கருமுட்டை வெளியாவதைத் தற்காலிகமாகத் தடுக்கிறதே தவிர, கருப்பையைப் பழுதாக்குவதில்லை. நிறுத்திய சில மாதங்களுக்குள் பெரும்பாலோருக்குக் கருத்தரிக்கும் திறன் பழையபடி திரும்பிவிடுகிறது. (மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியில் மட்டும் அதற்குக் கூடுதல் காலம் பிடிக்கலாம்.)

எனக்குக் கவலை தருவது நாள் கணக்குதான். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள்கள் வரைகூட உயிரோடிருக்கும் என்பதால், காய்ச்சலோ மன அழுத்தமோ வந்து கருமுட்டை வெளியாகும் நாள் முன்பின்னானால், நாள்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டு வைத்த ‘பாதுகாப்பான’ நாள்கள் எல்லாம் பொய்த்துப்போகும். அவசரக் கருத்தடை மாத்திரையும் வழக்கமாகச் சாப்பிடுவதற்கானது அன்று. ஆணுறை பால்வினை நோய்களிலிருந்தும் காக்கும். கருப்பைக்குள் மருத்துவர் பொருத்தும் சிறு கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது எடுத்துவிடலாம்.

மருத்துவரிடம் போகும்போது உங்கள் வருங்காலக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். உயர் ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டு போன்றவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரை உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவர் அதை வைத்தே முடிவு செய்வார்.