சிலுவைப்போர் ராஜாக்கள் அடிச்ச அரபிக் காசு

சார், வணக்கம். நண்பர் ஒருத்தர் பழைய காசு சேர்க்கிறவர். அவர் ஆல்பத்துல ரெண்டு காசு பாத்தேன். ஒண்ணு மங்கின வெள்ளி, சின்னது, ஒரு கோயில் படம் இருக்கு. இன்னொண்ணு தங்கம், முழுக்க அரபி எழுத்து. ரெண்டுமே சிலுவைப்போர்க்காரங்க ஜெருசலேம் ராஜ்ஜியத்துல அடிச்சதுங்கிறார். முஸ்லிம்களோட சண்டை போட வந்தவங்க கலிமா (இஸ்லாமோட விசுவாச வாக்கியம்) பொறிச்ச காசை ஏன் அடிக்கணும்? அப்ப அது கள்ளக்காசா?
கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்க நண்பர் சொன்னது சரிதான், ரெண்டுமே அங்க அடிச்சதுதான்.

அந்தச் சின்னக் காசு அனேகமா ஜெருசலேம் ராஜா அமால்ரிக்கோட டெனியர்ங்கிற சில்லறைக் காசு. நான் ஒண்ணை ஒருதடவை கையில வச்சுப் பாத்திருக்கேன், நம்ம பழைய எவர்சில்வர் பத்து பைசா அளவுதான் இருக்கும், எடை அதுல பாதி, வெள்ளியும் செம்பும் கலந்தது. ஒரு பக்கம் சிலுவை, சுத்தி லத்தீன்ல ராஜா பேரு. மறுபக்கம் இருக்கிறது ஏசுவோட கல்லறை மேல கட்டின கோயில், அதோட கூரை கூம்பு மாதிரி எழும்பி உச்சியில திறந்திருக்கும், அந்தத் திறப்பைக்கூட விடாம செதுக்கியிருக்கான் பாருங்க, எனக்கு அதைப் பாத்ததும் மனசு நெகிழ்ந்துபோச்சு. இது கடைத்தெருவுல புழங்குற சில்லறை, இங்க ராஜா தன் பேரையும் தன் கோயிலையும் தாராளமா போட்டுக்கிட்டார்.

தங்கம் வேற கதை. பெரிய வியாபாரம், கப்பல் சரக்கு, நிலம் வாங்குறது எல்லாம் தங்கத்துல நடந்துச்சு, அந்தப் பக்கம் பூரா எல்லாரும் கண்ணை மூடிட்டு வாங்கின தங்கம்னா அது எகிப்து தினார்தான். அதனால அந்த ராஜ்ஜியத்தோட ஆக்கர் துறைமுகத்துல இருந்த அக்கசாலையில (காசு அடிக்கிற இடம்) எகிப்து கலீஃபா அல்-ஆமிரோட தினாரையே பாத்து அடிச்சாங்க, கலிமா, கலீஃபா பேரு எல்லாத்தோடவும். அரபி தெரியாதவன் செதுக்குன மாதிரி எழுத்து பல காசுல கோணலா இருக்கும். அல்-ஆமிர் 1130லயே கொலையாயிட்டார், ஆனா அதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல அவர் பேர்ல காசு வந்துட்டே இருந்துச்சு.

இதுல அமால்ரிக்கை நினைச்சுப் பாருங்க. 1163ல பட்டத்துக்கு வந்து ஆறு வருஷத்துல அஞ்சு தடவை எகிப்து மேல படையெடுத்தவர். 1167ல எகிப்து வஸீர் (முதல் மந்திரி) ஷாவர் நாலு லட்சம் தினார் தர்றதா ஒப்பந்தம் போட்டார், அதை உறுதி பண்ண செசாரியா ஊர் பிரபு ஹியூ கெய்ரோ அரண்மனைக்குப் போய், கலீஃபா உறை போட்ட கையை நீட்டினதும், உறையைக் கழட்டிட்டு வெறுங்கையைக் குடுங்கன்னு கேட்டு வாங்கினாராம், டைர் நகரத்து பேராயர் வில்லியம் எழுதி வச்சிருக்கார். அப்படிப்பட்ட ராஜாவோட அக்கசாலையே அதே எகிப்தோட பழைய கலீஃபா பேர்ல தங்கம் அடிச்சுட்டிருந்தது!

கள்ளக்காசான்னு கேட்டீங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எகிப்து தினார் கிட்டத்தட்ட சொக்கத்தங்கம், ஆக்கர் காசு மாத்து குறைவு, போகப்போக மூணுல ரெண்டு பங்குதான் தங்கம். ஆனா அதை ஒளிக்கல, பத்திரங்கள்ல "சாரசன் பெசண்ட், ஆக்கர் எடைப்படி"ன்னு (சாரசன்னா முஸ்லிம், பெசண்ட்னா தங்கக்காசு) தனிப்பேர் போட்டே எழுதினாங்க, வாங்குறவனுக்கும் விக்கிறவனுக்கும் எது என்னன்னு தெரியும்.

இதைப் பாத்து அதிர்ச்சியானவர் வெளியூர்ல இருந்து வந்தவர்தான். 1250ல ஃபிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி ஆக்கர் வந்தப்ப கூட வந்த போப்பாண்டவரோட தூதர் ஓடோ, கிறிஸ்தவங்க முஹம்மது நபி பேரையும் ஹிஜ்ரி வருஷத்தையும் போட்டு காசு அடிக்கிறாங்களான்னு கொதிச்சு, அடிச்சவங்களை சபையை விட்டே விலக்கினார். 1253ல போப் நாலாம் இன்னசென்ட்டும் அதை உறுதி பண்ணார். நான் ரொம்ப ரசிக்கிறது அதுக்கு ஆக்கர்காரங்க செஞ்ச வேலையைத்தான். லத்தீனுக்கு மாறல. அதே அரபி, அதே வட்ட அமைப்பு, ஆனா இப்ப "மேசியா மனுஷனா அவதரிச்ச 1251ஆம் வருஷம் ஆக்கர்ல அடிச்சது"ன்னு எழுதினாங்க. தங்கத்துல "நம்ம ஆண்டவர் ஏசு மேசியாவோட சிலுவையில பெருமைப்படுறோம்", வெள்ளியில "கடவுள் ஒண்ணு, விசுவாசம் ஒண்ணு, ஞானஸ்நானம் ஒண்ணு", எல்லாம் சுத்த அரபியில. இந்தத் தடவை எழுத்தும் திருத்தமா, வாசிக்கிற மாதிரி இருக்கு.

அதனால உங்க நண்பரோட தங்கக்காசை மறுபடி ஒருதடவை பாருங்க. நடுவுல சின்னதா ஒரு சிலுவை இருந்தா 1251லயோ அதுக்கப்புறமோ அடிச்சது. இல்லாம எழுத்து கோணல்மாணலா இருந்தா அதுக்கு முந்தினது. ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாக்கணும்னு ஆசையா இருக்கு.